தாத்தா நூற்றாண்டு: தம்பிக்கு அம்மா எழுதுவது

ரங்கூன்

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய அழைப்பிதழ் மாதிரி வந்து சேர்ந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. அட்டைப் படத்தை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். தாத்தா சட்டைப்பைக்கு மேல் குத்தியிருக்கும் அந்த ஆறுமுனை நட்சத்திரம் அவருடையது அல்ல.

படத்தைப் பெரிதாக்கிப் பார். நடுவில் மகுடம், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்து முத்திரை. நாடாவில் நடுவே அகலமான சிவப்பு, இரண்டு ஓரத்திலும் கருநீலம், அந்த நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. அதன் பெயர் பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாவில் பிரிட்டிஷ் தரப்பில் நின்று போரிட்டவர்களுக்குக் கொடுத்தது. தாத்தா நின்றது எதிர்த்தரப்பில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில். பிறந்தநாளுக்கு யாரோ பழைய சாமான் கடையில் ஆசையாக வாங்கிக் குத்திவிட்டார்கள். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று அவரும் படத்துக்கு நின்றுவிட்டார். விஷயம் தெரிந்த ஒருவர் அழைப்பிதழைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே சிரிப்பார், அப்புறம் உள்ளே நாம் எழுதியிருப்பது எதையும் நம்பமாட்டார். பதக்கத்தைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் வேறு யாருடைய பெயராவது பொறித்திருந்தால் அதைத் தனியாக எழுதி வை. அந்தக் குடும்பம் எங்கோ தேடிக்கொண்டிருக்கலாம். எதைப் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பித்தளை பாலிஷ் ஒருமுறை போட்டாலே பழைய நிறம் போய்விடும்.

"அப்படியானால் அவருடைய சொந்தப் பதக்கம் எங்கே?" என்று கேட்பாய். கிடையாது. நேதாஜியின் அரசு சேர்-இ-ஹிந்த் போன்ற விருதுகளை வைத்திருந்தது உண்மை. அவை கிடைத்தவர்கள் மிகச் சிலர். ரங்கூனில் சேர்ந்த சாதாரணச் சிப்பாய்க்குச் சீருடையும் தொப்பியும் கிடைத்ததே பெரிது. பதக்கம் இல்லாததை மறைக்க வேண்டியதில்லை, அதை நிரப்பவும் வேண்டியதில்லை.

அடுத்து, நீ எழுதியிருக்கும் வாழ்க்கைக் குறிப்பு. "இம்பால் போர்முனையில் வீரத்துடன் போரிட்டார்" என்ற வரியை எடுத்துவிடு. அது பெரியப்பா வாயில் வளர்ந்த கதை. தாத்தாவின் குரலில் நம்மிடம் இருக்கும் ஒலிநாடாவில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. ரங்கூன் காவல் படையில் இருந்ததாகத்தான் சொல்கிறார். குறிப்பை எழுதும்போது மூன்று நிறப் பேனா எடுத்துக்கொள்: அவர் வாயால் சொன்னது ஒரு நிறம், காகிதத்தில் இருப்பது ஒரு நிறம், குடும்பத்தில் பேசிக்கொள்வது ஒரு நிறம். மூன்றாவது நிறத்தில் மட்டும் இருக்கும் எதையும் அச்சில் ஏற்றாதே.

ஒத்துப்பார்க்க உனக்குத் தேவையான தேதிகள் இவை. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது அதே வருஷம் அக்டோபர் 21. தலைமையிடம் ரங்கூனுக்கு மாறியது 1944 ஜனவரி. இம்பால் படையெடுப்பு மார்ச்சில் தொடங்கியது. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்துவிட்டது. தாத்தா பதிவானது 1944 நடு மழைக்காலத்தில் என்று அவரே சொல்கிறார். அதாவது, பெரியப்பா கதைப்படி பார்த்தால் எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்த வழியில் இவர் மட்டும் தனியாக முன்னேறிப் போயிருக்க வேண்டும்.

அவர் உண்மையில் இருந்த இடம் அதைவிடக் குறைந்தது அல்ல. 1945 ஏப்ரல் 24ஆம் தேதி நேதாஜி ரங்கூனை விட்டுத் தரை வழியாகப் புறப்பட்டார். ஜப்பானியரும் நகரத்தைக் கைவிட்டுப் போனார்கள். பிரிட்டிஷ் படை நகரத்துக்குள் வந்தது மே 3. இடைப்பட்ட நாட்களில் ரங்கூனுக்கு அரசாங்கமே இல்லை. அந்த நேரத்தில் மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சுமார் 6,000 இந்திய தேசிய ராணுவத்தினர் நகரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். கொள்ளையும் தீவைப்பும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. அந்த நாட்களில்தான் ரங்கூன் சிறையிலிருந்த பிரிட்டிஷ் கைதிகள், ஜப்பானியர் போய்விட்டார்கள், குண்டு போடாதீர்கள் என்று தங்கள் விமானங்களுக்குத் தெரிவதற்காகக் கூரையில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். தாத்தா நின்றது ஓர் அரிசிக் கிடங்கு வாசலில். வயது இருபது. "துப்பாக்கி இருந்தது, சுட வேண்டி வரவில்லை" என்று ஒலிநாடாவில் சொல்கிறார். உன் குறிப்பில் அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொன்னபடியே போடு. இம்பால் வேண்டாம்.

ஆவணம் தேடுகிறேன் என்று எழுதியிருந்தாய். எங்கே தேடக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் படைப்பிரிவுப் பதிவுகளில் அவர் பெயர் இருக்காது. இந்திய தேசிய ராணுவத்தில் இரண்டு வகை ஆட்கள்: ஏற்கெனவே பிரிட்டிஷ் படையில் இருந்து கைதாகி மாறியவர்கள், மலாயாவிலும் பர்மாவிலும் நேராகச் சேர்ந்த பொதுமக்கள். தாத்தா இரண்டாம் வகை. முதல் வகைக்கு மட்டுமே பழைய படை எண் உண்டு. புது டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன, அபிலேக் படல் என்ற இணையதளத்தில் பட்டியலைத் தேடலாம். அங்கே தேடு. கிடைக்காமல் போனால் மனம் தளராதே. 1945 கோடையில் எரித்த காகிதம் கொஞ்சநஞ்சமல்ல.

தேடும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போட்டால் ஒன்றும் வராது. ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட்-எச் போடுவார். வடநாட்டு எழுத்தர்கள் நம் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பின்னால் எழுதிவிடுவார்கள். அதனால் கொள்ளுத்தாத்தா பெயரிலும் தேடு. ஊர்ப் பெயரும் அப்படித்தான், பெகு என்று ஒரு காலம், பகோ என்று ஒரு காலம். இதோடு பர்மியப் பெயர் வேறு. தாத்தாவின் 1940களின் காகிதமெல்லாம் தமிழ்ப் பெயரில், 1960களுக்குப் பிறகு உள்ளதெல்லாம் பர்மியப் பெயரில். பர்மியப் பெயருக்கு முன்னால் வயதுக்குத் தகுந்தபடி மௌங், கோ, ஊ என்று மாறிக்கொண்டே வரும். அகர வரிசையில் தேடும்போது அந்த முன்னொட்டைத் தள்ளிவிட்டுத் தேடு. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டும் காகிதம் ஒன்றே ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடச் சம்பளச் சீட்டு. அதைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் தொலைந்தாலும் அது தொலையக் கூடாது.

இன்னொரு வழி, கப்பலேறிப் போன உறவுக்காரர்கள். 1964 மார்ச்சில் கடைகளைப் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர்கள் லட்சக்கணக்கில். நகையைக் கொண்டுபோக விடவில்லை, ஆனால் குடும்பப் படங்களைத் துணிக்குள் மடித்துக் கொண்டுபோனவர்கள் உண்டு. காரைக்குடி, திருச்சி, மதுரைப் பக்கம் பர்மா காலனிகளில் இருக்கும் நம் ஆட்களிடம் கேள். 1972இல் இந்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தபோது விண்ணப்பத்துடன் உடனிருந்தவர்களின் சான்றும் கேட்டார்கள். தாத்தாவின் கூட்டாளிகள் யாராவது விண்ணப்பித்திருந்தால் அந்த நகலில் இவர் பெயர் இருக்க வாய்ப்புண்டு. கேட்கும்போது "தாத்தாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காதே, இல்லை என்றுதான் பதில் வரும். "1970களில் பென்ஷனுக்கு எழுதிய பழைய ஃபைல் பரணில் இருக்கிறதா" என்று கேள்.

இப்போது டிரங்குப் பெட்டி. நீ வந்ததும் திறந்து எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பேச்சே வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது; ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க வழியே இல்லை. பழைய காகிதத்துக்குள் இருக்கும் அமிலம் வெளியேற இடமின்றி உள்ளேயே காகிதத்தைத் தின்னும். மேலே பளபளப்பு, பத்து வருஷத்தில் உள்ளே அப்பளம். கிழிசலுக்கு செலோடேப்பும் கூடாது. பசை பழுத்து, எழுத்துக்கு மேலேயே காவிக் கறையாக நின்றுவிடும். கிழிந்த துண்டுகளைச் சேர்த்து ஒரே உறையில் வைத்தால் போதும்.

மழை நின்று காற்று உலர்ந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். ரங்கூனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை காகிதம் தொட்டாலே நமுத்திருக்கும். அப்போது மடிப்பைப் பிரித்தால் மடிப்போடு கிழியும், பேனா மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். ஜனவரி சரியான மாதம். மேஜைமேல் பழைய பருத்தி வேட்டியை விரி. கையைக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடு, எண்ணெய் தேய்த்த அன்று தொடாதே. முதலில் உலோகத்தை எல்லாம் எடுக்க வேண்டும்: குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் பின். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுத்தால் காகிதமும் சேர்ந்து வரும். பின்னுக்கும் காகிதத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, பின்பக்கக் கால்களை நகத்தால் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமாகத் தூக்கு. தூசியைப் புது வண்ணத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளு. ஈரத்துணி கூடவே கூடாது, அந்தக் காலத்து நீல மை ஒரு சொட்டுத் தண்ணீரில் பரவிவிடும்.

வெயிலில் காயவைக்கலாம் என்று அத்தை சொல்வாள், கேட்காதே. நிழலும் காற்றும் போதும். நேர் வெயில் மையை வெளுக்க வைத்துக் காகிதத்தை முறுக்கும்.

இராமபாணப் பூச்சியும் கரையானும் வராமலிருக்க, பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். உள்ளே வசம்பைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன். வேப்பிலை போடுவதாக இருந்தால் சருகாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சையைத்தான் வளர்க்கும். அந்துருண்டை புகைப்படத்தைத் தொடக் கூடாது. இரும்புப் பெட்டியில் இன்னொரு தொல்லை உண்டு: பகல் சூடு தணிந்து இரவு குளிரும்போது உள்பக்கம் வியர்க்கும். அதற்குத்தான் சிலிக்கா ஜெல் கேட்டிருந்தேன். நிறம் மாறுகிற வகை வாங்கு. ஈரம் குடித்துவிட்டதைக் கண்ணாலேயே பார்த்து, வாணலியில் லேசான சூட்டில் வறட்டி மறுபடி போடலாம்.

படங்களில் இரண்டு, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கின்றன. பிரிக்கப் பார்க்காதே, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலிருந்தே கொஞ்சம் சாய்வான வெளிச்சத்தில் படமெடு. பின்பக்கம் பெயர் எழுத 2பி பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் கோடாகத் தெரியும். ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பம் வாங்கி வராதே.

ஸ்கேனர் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். இங்கே மின்சாரம் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னலோரம் தரையில் காகிதத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடித்து எடு. பக்கத்தில் ஓர் அடிக்கோல் தெரியட்டும், அளவு பிறகு தேவைப்படும். முன்பக்கம், பின்பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாமே எடுக்க வேண்டும். வெற்று என்று நினைத்த பக்கத்தில்தான் பென்சிலில் ஒரு தேதி இருக்கும். கோப்பின் பெயர் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும், தெரியாத இடத்தில் பூஜ்யம் போடு. "1944-00-00 அட்டை முன்" என்கிற மாதிரி. அப்போது எல்லாம் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். மூன்று பிரதி: ஒன்று உன்னிடம், ஒன்று இங்கே, ஒன்று மலேசியாவில் அக்காவிடம். மூலக் காகிதம் எதுவும் ரங்கூனை விட்டுப் போக வேண்டாம்.

ஒலிநாடாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை; ஓடவிடாதே. ஓடவிட்டால் கருவியின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். சுத்தமாக இருப்பதற்கு, முதலில் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னத் தடுப்புகளை உடைத்துவிடு, தப்பித்தவறிக்கூட மேலே பதிவாகாது. அடுத்து, பென்சிலைச் செருகி நாலு சுற்றுக் கையால் சுற்றிப் பார், இறுக்கமாக இருந்தால் மோட்டாரிடம் விடாதே, அறுந்துவிடும். 90 நிமிஷ நாடா 60 நிமிஷ நாடாவைவிட மெல்லியது, அதில் இன்னும் கவனம். சுருக்காத கோப்பாகப் பதிவுசெய், சிறிய எம்பி-3 பிரதியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் வடிக்கும்போது அவர் பேச்சைத் திருத்தாதே. நடுவில் பர்மியமும் இந்துஸ்தானியும் வரும், வந்தபடியே எழுது. இருமல், நிறுத்தம் இருந்தால் அதையும் அடைப்புக்குறியில் போடு.

இனி அவர் வாத்தியார் வேலை. உன் குறிப்பில் நாலு வரியில் முடித்துவிட்டாய், அதிலும் "தமிழ்ப்பணிக்குத் தம்மை அர்ப்பணித்தார்" என்று எழுதியிருக்கிறாய். இந்த வாக்கியத்தை எந்த இரங்கல் கூட்டத்திலும் யாருக்கும் சொல்லலாம். படை வாழ்க்கை அவருக்கு ஒரு வருஷம்கூட இல்லை. பாடம் நடத்தியது ஐம்பது வருஷத்துக்கு மேல். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கோயில் மண்டபத்தில், மார்ச்சிலிருந்து மே வரை பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கும் காலத்தில். எப்படி நடத்தினார் என்று எழுது. நான் சொல்கிறேன்.

அவரிடம் வந்த பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் வட்ட வட்டமாக எழுதிப் பழகியவர்கள். அந்தக் கைக்கு மூலை வராது. ட போடச் சொன்னால் அரை வட்டம் போடும். அதனால் அவர் அகரத்தில் தொடங்குவதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில், நாலு கட்டத்துக்கு ஓர் எழுத்து. முதல் எழுத்து ட: மேலிருந்து கீழ், நிறுத்து, வலப்பக்கம். "நிறுத்து" என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார், மூலை தானாக விழும். இரண்டாவது ப: கீழ், நிறுத்து, வலம், நிறுத்து, மேல். ப முடித்த கை நிற்காமல் உள்ளே திரும்பினால் ம. இந்த மூன்றோடு புள்ளியைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். பர்மிய எழுத்திலும் மெய்யின் தலைமேல் ஒரு கொக்கி போட்டு உயிரை நிறுத்துவார்கள், அதனால் பிள்ளைகளுக்குப் புள்ளி உடனே புரியும். முதல் நாளே படம், மடம், பட்டம், மட்டம் நாலும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பன்னிரண்டு உயிரெழுத்தை ஒப்பித்துவிட்டு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாமல் போகும் பிள்ளை மறுநாள் வராது என்பார்.

கெ, கே, கொ, கோ வரிசை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே சிக்கல், பின்னால் ஒலிப்பதை முன்னால் எழுத வேண்டும். இங்கே அது சுலபம். பர்மிய எழுத்திலும் அந்தக் கொம்பு முன்னால்தான் வரும், கொ மாதிரி இரண்டு பக்கமும் அணைத்து எழுதுவதும் உண்டு. அதனால் அந்தப் பகுதிக்கு அவர் இரண்டு நாளுக்கு மேல் ஒதுக்கமாட்டார். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடநூலில் அதற்கு நிறையப் பக்கம் இருக்கும், அப்படியே தாண்டிவிடுவார். மிச்சப்பட்ட நாளெல்லாம் வாய்க்கு.

வாயில் மூன்று தொல்லை. முதலாவது ரகரம். ரங்கூன் பர்மிய மொழியில் ர எழுத்து ய ஆகத்தான் ஒலிக்கும், ரங்கூனே யாங்கோன் ஆனது அப்படித்தான். அதனால் மரம் "மயம்" ஆகும். அதற்கு "இடி இடி இடி" என்று வேகமாகச் சொல்லச் சொல்வார். வேகம் கூடக்கூட நாக்கு தட்டிவிட்டு ஓடி "இரி" ஆகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு இரு, இரவு, மரம். இரண்டாவது, சொல்லின் கடைசி மெய். பர்மியச் சொல் லகரத்திலோ ரகரத்திலோ முடியாது, அதனால் பால் "பா" ஆகும், கால் "கா" ஆகும். இதற்கு அவர் வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொண்டார்: பாலு, காலு என்று உகரம் வைத்து ஒரு வாரம். பிறகு உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொல்வார், லகரம் மிஞ்சும். நேராக "பால்" என்று அதட்டி வாங்கப் பார்த்தால் பிள்ளை மூச்சைத் தொண்டையில் அடைத்து நிறுத்தும், அது வேறு ஒலி.

மூன்றாவது ல, ள, ழ. சொல்ல வைப்பதற்கு முன் கேட்க வைப்பார். பல்லி என்றால் இடக்கை, பள்ளி என்றால் வலக்கை. பத்துச் சொல் மாற்றி மாற்றிச் சொல்வார். ஒன்பதுக்குச் சரியான கை தூக்கும்வரை வாயைத் திறக்க விடமாட்டார். காது பிரிக்காததை நாக்கு பிரிக்காது. ழகரம் கடைசி வாரத்தில்தான்.

ந, ண, ன எழுத்துக்கு அவர் கொடுத்தது ஜோடி அட்டை: ந்த, ண்ட, ன்ற. தகரத்துக்கு முன் எப்போதும் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன். இதை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிப் பிழை போய்விடும், மீதி படிக்கப் படிக்க வரும்.

ராணுவத்தில் கற்றதில் அவர் வகுப்புக்குக் கொண்டுவந்தது ஒன்றுதான். அங்கே தமிழர், பஞ்சாபியர், வங்காளியர் எல்லோருக்கும் பொதுமொழி இந்துஸ்தானி. அதை ரோமன் எழுத்தில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே மாதிரி இவர் முதல் வாரம் தமிழ்ச் சொல்லைப் பர்மிய எழுத்தில் பலகையில் எழுதுவார். இரண்டாம் வாரம் முற்றிலும் நிறுத்திவிடுவார். இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் நிறுத்த மறந்துவிடுகிறார்கள். பர்மிய எழுத்தில் ழ கிடையாது. பெரிய ல ஒன்று இருந்தாலும் வாயில் லகரமாகவே வரும். மூன்றாம் வாரமும் அதையே பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு ழ என்றைக்கும் வராது.

கோடை வகுப்பு மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறாய், அதையும் திருத்து. ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் சேர்ந்து வரும், அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் வரமாட்டார்கள். கையில் நிற்பது ஐந்தாறு வாரம். வெயிலுக்காகக் காலை ஏழு மணி முதல் ஒன்பது வரைதான்.

பெட்டியில் நீல அட்டை போட்ட வருகைப் பதிவேடுகள் இருக்கும். மற்ற வாத்தியார்கள் மதிப்பெண் எழுதும் இடத்தில் அவர் எழுத்தை எழுதியிருப்பார்: பிள்ளை பெயர், தேதி, அன்று தடுமாறிய எழுத்து. ஒரு பெயருக்கு நேரே "ர, ர, ர, ர" என்று வரிசையாகப் போய், ஒரு நாளில் நின்று, "ள" தொடங்கும். அழைப்பிதழ் அட்டைக்கு அதில் ஒரு பக்கத்தை எடுத்துப் போடு. பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடு, அவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்து இதே ஊரில் இருக்கிறார்கள்.

திதி பற்றிக் கேட்டிருந்தாய். ஐப்பசி, தேய்பிறை, சப்தமி. ஆங்கிலத் தேதியை வைத்துச் செய்யாதே, அது வருஷா வருஷம் நகரும். பஞ்சாங்கத்தில் திதி முடிவு இந்திய நேரத்தில் போட்டிருக்கும். ரங்கூனுக்கு ஒரு மணி, சிங்கப்பூருக்கு இரண்டரை மணி கூட்டிக்கொள். பிற்பகலில், ஏறக்குறைய ஒன்றேகாலிலிருந்து மூன்றரைக்குள் எந்த நாளில் சப்தமி இருக்கிறதோ அந்த நாள். இங்கே நாங்கள் பிக்குகளுக்கும் சாப்பாடு கொடுக்கிறோம், அவர்கள் நண்பகலுக்குப் பிறகு உண்ணமாட்டார்கள். அதனால் சமைத்ததும் படையலுக்கு வேண்டியதை முதலில் தனியே எடுத்து மூடிவைத்துவிட்டு, பதினொன்றுக்குள் அவர்களுக்குப் பரிமாறிவிட வேண்டும். இலை போடும்போது நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம். சாப்பிடுகிறவர் படத்தில் இருக்கிறார், ஆக உனக்கு வலப்பக்கம். போன வருஷம் நீ அனுப்பிய படத்தில் திரும்பியிருந்தது. காக்கைக்குச் சிங்கப்பூரில் சோறு வைக்காதே, அங்கே காட்டுப் பறவைக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். அந்தப் பிடியைப் பசித்த ஒருவருக்குக் கொடு. அவருக்குப் பிடித்தது வாழைக்காய்ப் பொரியல், புளி குறைத்த பருப்புக் குழம்பு. பாயசத்துக்குச் சர்க்கரை வேண்டாம், வெல்லம்.

ஜனவரி முதல் வாரத்திற்கு டிக்கெட் எடு. கொண்டுவர வேண்டியது: சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, 2பி பென்சில் ஒரு டஜன், அமிலமில்லாத காகித உறை கிடைத்தால் நூறு, ஓடுகிற நிலையில் ஒரு கேசட் பிளேயர், அதற்குப் பேட்டரி. பேட்டரியைப் பிளேயருக்குள் போட்டபடி கொண்டுவராதே, கசிந்துவிடும். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திய பிரதியை எனக்கு அனுப்பு, பெரியப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா